ஊர்வலக் காரும் கரண்ட் பம்பும்

காஞ்சிபுரத்தில் வண்டி நடுத்தெருவில் நின்றுபோனால் ஒரு வசதி உண்டு. எங்கே நின்றாலும் எதிரில் ஒரு கோயில் இருக்கும். கோபுரம் வைத்த பெரிய கோயிலாக இல்லாவிட்டாலும் மரத்தடிப் பிள்ளையாராவது இருப்பார். இந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திப் பல வருஷம் பிழைப்பு நடத்தியவர் எங்கள் அப்பா.

அப்பாவிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. பாலாடை நிறம். துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் திறந்த கார் ஆகிவிடும். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு அழைத்து வருவார்களே, அந்த மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த ஊரில் பாதிப் பேர் அப்பாவின் காரைத்தான் கூப்பிடுவார்கள். ஊர்வலக் கார் என்றால் பிள்ளையார்பாளையத்தில் சின்னப் பிள்ளைகூட எங்கள் வீட்டுக்கு வழி காட்டும். கோட்டும் சூட்டுமாக, கழுத்தில் ரோஜா மாலையோடு, வியர்த்து வழிந்தபடி அதன் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர்கள் இன்று தாத்தாவாகிவிட்டார்கள். தெருவில் என்னைப் பார்த்தால் காரைத்தான் முதலில் விசாரிப்பார்கள், அப்புறம்தான் என்னை.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பம். அந்தப் பிள்ளைகள் அவர்கள் அப்பாவை நைனா என்று கூப்பிட, நானும் அதையே பிடித்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் அப்பா என்று வருகிறது. வாயில் கடைசிவரை நைனாதான்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி இருந்தது. ஸ்டேஷனுக்கோ வாலாஜாபாத்துக்கோ ஓட்டிக்கொண்டு போனால் சமர்த்தாகப் போகும். ஆனால் ஊர்வலத்தில் நடக்க வேண்டும். தவில்காரர் நடக்கிற வேகத்தில், தலையில் டியூப்லைட் சுமந்து வரும் பெண்களின் வேகத்தில், முதல் கியரிலேயே ஊர்ந்து போக வேண்டும். காற்றே படாது. இன்ஜின் சூடேறும். இன்ஜினின் பக்கவாட்டில்தான் பெட்ரோல் பம்ப் உட்கார்ந்திருந்தது. பின்னால் இருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்பரேட்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. அந்தச் சூட்டில் பம்புக்குள் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை இழுத்து இழுத்து பம்ப் ஓய்ந்து போகும். இன்ஜின் இரண்டு தரம் இருமும், நின்றுவிடும். சித்திரை வைகாசி முகூர்த்தம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மருந்து ஈரத்துணி. பம்பின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, கொஞ்ச நேரம் விட்டு, அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் நாலு தரம் அடித்தால் பெட்ரோல் மறுபடி ஏறும். முன்சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீரும், அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டும் எப்போதும் இருக்கும். பூக்காரரிடம் பானெட்டின் மேல் மட்டும் பூச்சரம் கட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். காரணம் கேட்டால், "பூ வதங்கிடும்பா, பாவம்" என்பார்.

ஆனால் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் கார் வழியில் நின்றால் அதைவிட அபசகுனம் வேறு கிடையாது. தள்ளினால் இன்னும் மோசம். அதனால் அப்பாவும் ஒரு நாதஸ்வரக்காரரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நல்ல வாசிப்பு, நல்ல வயிறு, அப்பாவின் சிநேகிதர். இன்ஜின் முதல் தரம் இருமியதும் அப்பா ஹாரனை ஒரு முறை லேசாக அழுத்துவார். மாமா உடனே பக்கத்தில் இருக்கும் கோயிலைப் பார்த்துத் திரும்பி நின்று ராகம் இழுக்க ஆரம்பித்துவிடுவார். ஊர்வலம் நின்றுவிடும். பெரியவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிடுவார்கள். அப்பா இறங்கி, வண்டிக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று பானெட்டைத் தூக்கி வைத்தியத்தை முடித்துக்கொள்வார். வண்டி தயாரானதும் இரண்டு ஹாரன். மாமா வாசிப்பை முடித்துத் திரும்புவார், தவில் மறுபடி அதிர ஆரம்பிக்கும். கார் நின்றதால் ஊர்வலம் நின்றது என்று ஒருவருக்கும் தோன்றாது. ஒவ்வொரு கோயில் வாசலிலும் நின்று வாசிக்கிறாரே, என்ன பக்தி என்று மாமாவுக்கு நல்ல பெயர். எந்தச் சாமியையும் விடாமல் கும்பிட்டுப் போகிற வண்டி, ராசியான வண்டி என்று காருக்கும் நல்ல பெயர்.

நான் சின்னவளாக இருந்தபோது அப்பா என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவார். கூட்டம், வெளிச்சம், பன்னீர் வாசனை எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் காத்துக்கொண்டிருப்பது வேறு ஒன்றுக்காக. கார் மண்டபத்தை நெருங்கும்போது வாசலில் பெண்ணைப் பெற்றவர் மாலையோடு நிற்பார். பக்கத்தில் பெண்ணின் அம்மா. அந்த அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பேன். பயமும் சந்தோஷமும் பெருமையும் கலந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத முகம். வேறெங்கும் அப்படி ஒரு முகத்தைப் பார்க்க முடியாது. நம்ம நைனாவும் ஒருநாள் இப்படி நிற்பார், இதே முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார் என்று அந்த வயதிலேயே நினைத்து வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வைகாசியில் ஏற்பாடு சொதப்பியது. கோயிலே இல்லாத இடமாகப் பார்த்து கார் நின்றது. அதுகூடப் பரவாயில்லை, எதிரில் ஒயின் ஷாப். அப்பா பழக்கத்தில் ஹாரனை அழுத்திவிட்டார். மாமாவும் பழக்கத்தில் திரும்பி நின்று, கண்ணை மூடி, உருகி உருகி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணைத் திறந்து பார்த்தபோதுதான் எதன் முன்னால் உருகுகிறோம் என்று அவருக்கே தெரிந்தது. ஊர்வலத்தில் வந்த ஆண்களில் சிலர் இதைத் தெய்வ சித்தமாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அன்றைக்கென்று ஈரத்துணிக்கும் வண்டி மசியவில்லை. கடைசியில் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். மறுநாளே ஊரெல்லாம் பேச்சு. மாப்பிள்ளைதான் அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னார் என்று ஒரு கட்சி, காருக்கு ராசி போய்விட்டது என்று ஒரு கட்சி. முதல் பேச்சு சீக்கிரம் அடங்கிவிட்டது. இரண்டாவது அடங்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு எங்கள் கார் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

அப்போது நான் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன், கவுன்ட்டருக்கு வந்துவிட்டேன். வருகிறவர்கள் என்னை நேராகப் பார்த்து, "கடையில யாரும் இல்லியாம்மா?" என்று கேட்பார்கள். "நான் இருக்குறது தெரியலியா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் கையில் இருக்கும் தேய்ந்த சாமானை வாங்கிப் பார்த்துச் சரியானதை எடுத்துப் போடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. முதலாளிக்கு அது வருத்தம். ஆனால் சாமான் மாறிப்போகாது என்பதால் பொறுத்துக்கொண்டார்.

அந்தக் கடையில்தான் கரண்ட் பம்பைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் டப்பா. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் கொடுத்தால் டிக்கு டிக்கு என்று பெட்ரோலைத் தள்ளும். ஒன்றை அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

"நைனா, இத்தப் பாரு. இது இன்ஜின் பக்கத்துல வேணாம். பின்னாடி டேங்குகிட்ட, டிக்கிக்கு அடியில மாட்டிக்கலாம். அங்க சூடே கெடயாது. இது பெட்ரோல இழுக்காது, தள்ளும். தள்ளிக்கினே வர்ற பெட்ரோல்ல ஆவி கட்டாது."

அப்பா பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "எதுல ஓடுது?"

"பேட்டரில."

"வண்டிய சுத்திக் கட்டுற சீரியல் பல்பு எதுல ஓடுது?"

"பேட்டரிலதான்."

"வண்டி நடந்துக்கினு போவும்போது டைனமோ எங்கம்மா சார்ஜ் ஏத்தும்? பல்பு மங்குனா போவுது. பம்பு மங்குனா?"

அது நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் கடைக்கு வந்த எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டு வந்து, பெரிய பேட்டரி போட்டுக்கொள்ளலாம், தேவைப்பட்டால் பல்பை மட்டும் அணைக்க ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்றேன். அப்பா அடுத்ததை எடுத்தார்.

"இன்ஜின் பம்புனா இன்ஜினோட சேந்து நிக்கும். உன்து, இன்ஜின் நின்னாலும் சாவி இருக்குற வரிக்கும் தள்ளிக்கினே இருக்கும். எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது. மாப்ள மடியில நாலு கொயந்தைங்க உக்காந்துக்கினு வருது. கார்பரேட்டர் வழிஞ்சு பெட்ரோல் ஊத்துச்சுன்னா?"

இதுவும் நியாயம்தான். அதிகம் தள்ளாத பம்பாகப் பார்த்து மாற்றிக்கொண்டு வந்தேன். டிரைவர் கைக்கு எட்டுகிற மாதிரி பம்புக்கும் தனி சுவிட்ச் என்றேன்.

"ரிப்பேராச்சுன்னா ஸ்பேனரால தட்டணுமாமே. தட்டுனா ஓடுறதெல்லாம் ஒரு சாமானா?"

"உன் பம்புக்குத் துணி போத்தி தாலாட்டுறியே, அது மட்டும் சாமானா?" என்றேன்.

அடுப்படியில் அம்மா சிரிப்பது கேட்டது. அப்பா வெளியே போய்விட்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியை எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தாள்.

"நீ இன்னா சொன்னாலும் அவரு கேக்கமாட்டாரு. அந்த வண்டி எப்ப இருமும், எப்பத் தும்மும்னு இந்த ஊர்லயே அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும். பம்ப மாத்திட்டா யாரு வேணா ஓட்டலாம். அதான் மனுஷனுக்கு மனசு வரல" என்றாள்.

அந்த வருஷ ஆவணியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை திருப்புட்குழி. நிச்சயத்துக்கு வந்த அன்றே அவருடைய தாய்மாமன் காரைப் பற்றி ஆரம்பித்தார். மனிதர் கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்கிற ரகம்.

"உங்க வண்டியிலயே மாப்பிள்ளை வந்தா எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்த ஒயின் ஷாப் கதையெல்லாம் காதுல விழுந்துது. நடுவுல நிக்கக்கூடாதுங்க."

"நிக்காது. நானே ஓட்டியாறேன்" என்றார் அப்பா.

"நீங்க ஓட்டுனா வாசல்ல மாலையோட யாரு நிப்பாங்க?"

அப்பா வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார். பிறகு, "எங்க அண்ணன் அண்ணி நிப்பாங்க" என்றார்.

கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்த எனக்கு அப்படியே வெளியே போய்க் கத்த வேண்டும்போல் இருந்தது. பெரியப்பா நல்ல மனிதர், எனக்கும் அவர்மேல் பிரியம் உண்டு. ஆனால் வாசலில் நிற்கிற அந்த முகம் பெரியப்பாவுடையதாக இருக்கக்கூடாது. நான் அத்தனை வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்து வைத்தது அதற்காக இல்லை. இத்தனைக்கும் ஒரு பம்ப் விஷயம். அதை மாற்றினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், அப்பா வாசலுக்கு வந்துவிடலாம். மாற்றாவிட்டால் என் கல்யாணத்திலும் அவர் டிரைவர்தான். அவர்கள் போனதும் கேட்டேவிட்டேன்.

"நைனா, ஊர்ல இருக்குற மாப்பிள்ளைங்களுக்கெல்லாம் நீ டிரைவரு. என் மாப்பிள்ளைக்கும் டிரைவரா?"

"வண்டி நின்னுச்சுன்னா உன் பேருதான்மா கெடும்" என்றார் மெதுவாக.

"நின்னா நிக்கட்டும். நீ வாசல்ல நில்லு."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்று தெரியும். அப்படிச் சொல்ல வைக்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அம்மா பேசிப் பார்த்தாள். பெரியப்பாவே வந்து, "இது இன்னாடா கூத்து? நான் எப்பிடி நிக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெட்டி மாடத்திலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாமி படங்களோடு சேர்த்து அம்மா அதற்கும் ஒரு சாமந்திப் பூ வைத்தாள். அவளுக்கும் குசும்பு உண்டு.

கடைசியில் மேளம் பேச அப்பா போனபோது மாமா அவரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்.

"எந்தெந்தக் கோயிலு முன்னாடி நான் நிக்கணும், இப்பவே சொல்லிடு."

"அன்னிக்கு எங்கியும் நிக்காதுப்பா. உஷாரா ஓட்டிடுவேன்."

"சரி, நின்னுச்சுன்னு வெச்சுக்கோ. நீ ஹாரன் அடி, நான் வாசிக்கிறேன். விடியிற வரிக்கும் வேணா வாசிக்கிறேன். ஆனா நான் எவ்ளோ வாசிச்சாலும் வாசல்ல உன் எடம் காலியாத்தான்பா இருக்கும். அத்த நாயனத்தால மூட முடியாது."

சொல்லிவிட்டு, சர்க்கரை குறைச்சல் என்று அம்மாவிடம் குறையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள் கடையிலிருந்து வந்தபோது மாடம் காலியாக இருந்தது. வாசலில் காரின் பானெட் திறந்திருந்தது. பழைய இன்ஜின் பம்ப் மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். அது இருந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து முடுக்கியிருந்தது. அப்பா காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முதுகெல்லாம் மண்.

"சாவியப் போடு" என்றார்.

போட்டேன். பின்னாலிருந்து டிக்கு டிக்கு டிக்கு என்று வேகமாகச் சத்தம். கார்பரேட்டர் நிரம்ப நிரம்பச் சத்தம் மெதுவாகி, ஒரு டிக்கோடு நின்றது.

"பாத்தியா, ரொம்பினா அதுவே நின்னுக்குது. எப்ப நிறுத்தணும்னு அதுக்கும் தெரியுது" என்றேன்.

"சத்தம் போடுது. பழசு சத்தமே போடாது" என்றார். பழைய பம்பை எடுத்து, துணியால் துடைத்து, அதே அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "யாரு ஓட்டுனா நல்லாருக்கும்?" என்று கேட்டார்.

எதிர்வீட்டு அண்ணன் ஒரு ஜவுளிக்கடை வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நிதானமான ஆள். அவரையே முடிவு செய்தோம். அப்பா அவருக்குப் பம்ப் சுவிட்சைக் காட்டினார், பல்பு சுவிட்சைக் காட்டினார், வெளிச்சம் மங்கினால் யோசிக்காமல் பல்பை அணைத்துவிடு என்று சொன்னார். ஹாரன் ஏற்பாட்டை மட்டும் சொல்லவில்லை. இனிமேல் அதற்கு வேலையில்லை என்று நினைத்துவிட்டார். மாமாவிடமும் வண்டி நிற்காது, நீ பாட்டுக்கு வா என்று சொல்லியாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தின் மாடியில் பெண் அறையில் இருந்தேன். தலை பின்னிக்கொண்டிருந்த அத்தை எவ்வளவு அதட்டியும் ஜன்னலை விட்டு நகரவில்லை. கீழே வாசல் நேராகத் தெரிந்தது. வாழைமரம், தோரணம், பன்னீர்ச் சொம்போடு பெண்கள். அப்பா பட்டுவேட்டியில், கையில் மாலையோடு நின்றார். பக்கத்தில் அம்மா. அப்பாவுக்குப் பட்டுவேட்டி பழக்கமில்லை, இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடிக்கடி வாழைமரத்துக்குப் பின்னால் வேறு எட்டிப் பார்த்தார். என்னவென்று உற்றுப் பார்த்தேன். ஒரு மஞ்சள் பை. அதற்குள்ளிருந்து நனைந்த வேட்டித் துண்டு எட்டிப் பார்த்தது. பம்பே மாறிவிட்டது, எதற்குப் போர்த்தப் போகிறார்? கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

நாதஸ்வரச் சத்தம் நெருங்கியது. தெருமுனை திரும்பினால் மண்டபம். அந்த முனையில் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு, மண்டபத்திலிருந்தே தெரியும். கார் ஒருதரம்கூட இருமவில்லை, நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் மாமா நின்றுவிட்டார். பழக்கம் ஒரு பக்கம், சிநேகிதன் மகள் கல்யாணம் என்ற பாசம் ஒரு பக்கம். பிள்ளையாரைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு ராகத்தை எடுத்தார். தவிலும் ஓய்ந்தது. நான் கேட்டதிலேயே அவர் அன்று வாசித்ததுதான் உசத்தி, அதை இப்போதும் சொல்வேன். முடிக்கிற மாதிரியே தெரியவில்லை. கார் நின்ற இடத்தில் இன்ஜின் ஓட, சீரியல் பல்பெல்லாம் எரிய, பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது.

முதலில் பல்புகள் மஞ்சளாயின. பிறகு சிவந்தன. அப்பா அன்றைக்குக் கேட்ட கேள்விதான் காதில் ஒலித்தது. கீழே அப்பா ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தார். ஓடப்போகிறார் என்று நினைத்தேன். ஓடினால் வாசல் காலி. மாப்பிள்ளை வருகிற நேரத்தில் மாலையோடு நடுத்தெருவில் ஓடுகிற பெண்ணின் அப்பா என்று ஊர் ஆயுசுக்கும் பேசும். அம்மா அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் காலைத் திரும்ப எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

வாசலை ஒட்டி யாரோ வந்திறங்கிய ஆட்டோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் வெளியே கருப்பு ரப்பர் குமிழ் வைத்த ஹாரன். அப்பா மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். நின்ற இடத்தைவிட்டு நகராமல், வலது கையை எட்ட நீட்டி, அந்தக் குமிழை இரண்டு முறை அமுக்கினார்.

பாம், பாம்.

மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன் முன்கூட்டியே வாசலுக்கு வந்து நின்றிருந்தார். அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! தெருமுனையில் மாமா கண்ணைத் திறந்தார். அத்தனை வருஷப் பழக்கம், இரண்டு ஹாரன் கேட்டால் அவர் கை தானாக இறங்கிவிடும். ராகம் பாதியில் நின்றது. தவில் அதிர்ந்தது. காரை ஓட்டிய அண்ணன் அப்போதுதான் நினைவு வந்தவராகப் பல்பை அணைத்தார். கார் நகர்ந்தது. நிற்கவில்லை, யாரும் தள்ளவில்லை.

சீரியல் பல்பு இல்லாமல், இரண்டு பக்கமும் பெண்கள் சுமந்து வந்த டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் அது முனை திரும்பி வந்தது. முன்னால் கிரில் முழுக்க ரோஜா. பானெட்டின் மேல் பூ இல்லை, பூக்காரருக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. பாலாடை நிறத்தில் வெளிச்சம் வழிந்தது. உள்ளே மாப்பிள்ளையும், அவர் மடியிலும் தோளிலுமாகத் தொற்றிக்கொண்டிருந்த குழந்தைகளும். நான் மாப்பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமும் சந்தோஷமும் பெருமையும் கலந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத அந்த முகம் அவருக்கு வந்திருந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் மாப்பிள்ளையை இல்லை. அப்போது அவர் என்ன சொன்னார் என்று அம்மா பிற்பாடு எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறாள், சொல்லி அழுதும் இருக்கிறாள்.

"முன்னாடிலேர்ந்து பாத்தா இப்பிடியா இருக்கும் நம்ம வண்டி? இத்தினி வருசம் யாருமே சொல்லலியே" என்றாராம்.

உண்மைதான். அவர் எப்போதும் அதற்குள்ளேயே இருந்தவர்.

பிறகு சில வருஷம் அந்த வண்டி ஊர்வலம் போனது. அண்ணன்தான் ஓட்டினார். அப்பா சும்மா வீட்டில் இருக்கவில்லை. மேளக்காரர்களுக்கும் காருக்கும் நடுவில், காரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருவார். விழுந்துவிடப் போகிறீர்கள் என்று எல்லாரும் சொல்லுவார்கள், அவர் திரும்பமாட்டார். குதிரை சாரட்டும் ஏசி காரும் வந்த பிறகு ஊர்வலக் காரை யாரும் கேட்கவில்லை. விற்றுவிட்டோம். வாங்க வந்தவரிடம் அப்பா கரண்ட் பம்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார், தானே கண்டுபிடித்தது மாதிரி. இன்ஜின் பம்ப் அட்டைப்பெட்டியில் என்னிடம் இருக்கிறது. இப்போது எந்தக் கடைக்கும் சாவியைப் போட்டதும் டிக்கு டிக்கு என்று கேட்கிற வண்டி வருவதில்லை. எனக்கு மட்டும் எப்போதாவது கேட்கிற மாதிரி இருக்கும், அப்பாவின் ஞாபகம் வந்துவிடும்.

கல்யாண ஆல்பத்தில் அப்பா மாப்பிள்ளைக்கு மாலை போடுகிற படம் ஒன்று உண்டு. அவர் இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே கருப்பாக ஒரு தீற்றல். மாலை போடுவதற்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவசரத்தில் அவர் எடுத்தது மஞ்சள் பையிலிருந்த துண்டைத்தான். அதில் இருந்த கிரீஸ் அப்படியே ஒட்டிக்கொண்டது. போட்டோக்காரர் ஆல்பம் கொடுக்கும்போது, அந்தக் கறையைத் தொட்டு அழித்துவிடலாமா, வெளியே தெரியாது என்று கேட்டார்.

"அதுல கையே வெக்காதீங்க" என்றேன்.